இரண்டு அடுப்புள்ள வீடு

பெம்பான் பொதுமண்டபத்தில் தனபாலன் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ராகினியின் கைப்பேசிக்கு அந்தச் செய்தி வந்தது. வியாழக்கிழமை மாலை அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்க்க வருவார், குடும்பத்தினர் எல்லாரும் வீட்டில் இருப்பது நல்லது என்று மலாயில் இரண்டு வரி. அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மேடையைப் பார்த்தாள். கணவனின் அண்ணன் ஒலிவாங்கியை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி, பள்ளியில் வரலாறு நடத்துவது போலவே நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏழைப் பிள்ளைங்களுக்கு வைத்தியம் வேணாம்னு நான் சொல்லல. நம்ம ஆஸ்பத்திரில ஒரு வெள்ளி, வெறும் ஒரு ரிங்கிட் குடுத்தா டாக்டரப் பார்க்கலாம். அங்க இல்லாதது டாக்டருங்க, கட்டிலு, மெஷினு. அதுக்குக் காசு போடாம, பிள்ளைங்களுக்குக் காப்புறுதின்னு அட்டை குடுத்து தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா என்ன ஆகும்? காசும் அங்க போகும், டாக்டரும் அங்க போவாரு. பத்து வருஷம் கழிச்சி அந்த ஒரு வெள்ளி ஆஸ்பத்திரில யாரு இருப்பா? அட்டை கிடைக்காத பிள்ளைங்க இருக்கும்."

கைதட்டல் எழுந்தது. மலாக்கா மாநிலத்தில் சோதனை முறையில் வரவிருந்த சிறார் காப்புறுதித் திட்டத்தைப் பற்றிய கூட்டம் அது. மண்டபத்தில் பாதிப் பேர் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள். தனபாலன் ஜாசின் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். அவர் பேசினால் கேட்பார்கள்.

பின்வரிசையிலிருந்து மலர்க்கொடி எழுந்தாள். அவர்கள் குடியிருந்த தாமானில் பாலர் பள்ளி நடத்துபவள்.

"சார், ஒங்க பேச்சு பரீட்சைத் தாளா இருந்தா நானே முழு மார்க் போட்டுருவேன்."

சிரித்தார்கள். தனபாலனும் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரியத் திருத்துங்க, வேணாம்னு சொல்லல. திருத்துற வரைக்கும் வரிசைல நிக்கிற பிள்ளைக்கு வயசு நிக்குமா?"

அவள் ராகினியின் பக்கம் திரும்பவில்லை. இருந்தாலும் ராகினிக்குக் காது சுட்டது. மடிக்கருகில் மகள் நிஷாலினி நாற்காலியின் கம்பியை விரலால் வருடிக்கொண்டிருந்தாள். கைதட்டியபோதும் சிரித்தபோதும் அவள் தலை நிமிரவில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீன்களைப் பார்ப்பதுபோல அவள் மனிதர்களின் வாயைப் பார்ப்பாள்.

அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும், பேச்சும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு வயதுக்குள் வைத்தால் நல்லது, அதற்குப் பிறகு மூளை சத்தத்தைக் கற்றுக்கொள்வது கடினம். அரசு மருத்துவமனையின் வரிசையில் நிஷாலினியின் பெயர் இருந்தது. முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு மூன்றரை வயது முடிந்திருந்தது.

*

வீட்டுக்குத் திரும்பும்போது காடியில் ராகினி சொல்லிவிட்டாள். தனபாலன் ஓட்டினார். பக்கத்தில் அவர் மனைவி திலகா. ராகினியின் கணவன் கோகுலராஜ் லாரியோடு மூவார் போயிருந்தான்.

"மாமா, நான் அந்தத் திட்டத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். வியாழக்கெழமை வீட்டப் பார்க்க வராங்க."

இருபுறமும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின.

"நம்ம வீட்டுக்குக் கிடைக்காதே மா," என்றார். "என் சம்பளத்தையும் சேர்த்தா வருமான வரம்ப தாண்டிரும்."

"சேர்க்கல. தனிக் குடும்பம்னு எழுதியிருக்கேன். மூணு பேர்னு."

"ஒரே வீட்ல இருந்துகிட்டா?"

"ஒரே கூரைன்னாலும் பரவால்லயாம் மாமா. தனியா சமைச்சி சாப்பிட்டா தனிக் குடும்பம்தான். அதான் அவங்க கணக்கு. அடுப்பப் பார்க்கத்தான் வராங்க."

திலகா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. யாரோ தெருவில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோன்ற முகம்.

"அப்ப நான் யாருக்குச் சமைக்கிறது?" என்றாள்.

திலகாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் ராகினி திலகாவின் சமையலறையில்தான் வேலை செய்திருக்கிறாள். எந்த டப்பாவில் எது என்று இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

"கோகுலுக்குத் தெரியுமா?" என்று தனபாலன் கேட்டார்.

"தெரியும். ஒங்ககிட்ட சொல்லத்தான் பயந்துகிட்டு இருந்தாரு."

"எனக்கு மட்டும் தெரியாது." ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. "எங்க அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்துல ஒரே லயத்து வீட்ல அடுப்பப் பிரிச்சாங்க. சுவருக்கு அந்தப் பக்கந்தான் சித்தப்பா. அப்புறம் சாவு வீட்லதான் பேசிக்கிட்டாங்க. அடுப்பப் பிரிக்கிறதுன்னா வெளையாட்டு இல்ல ராகினி."

"வெளையாட்டுக்கா மாமா கேக்குறேன்?"

"ஆபரேஷனுக்கு நான் கடன் எடுக்குறேன்னு சொன்னேன்ல?"

"பேங்குல ரெண்டு வாட்டி கேட்டுட்டு வந்தீங்க. ரெண்டு வாட்டியும் வீட்டுக் கடன் முடியலன்னு சொல்லிட்டாங்க."

அவர் சிக்னலில் காடியை நிறுத்தினார். பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நகரவில்லை. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது.

"இப்பத்தான் அந்த மேடையில நின்னு என்ன பேசுனேன்னு நீயும் கேட்ட," என்றார். "நான் போயி யாருகிட்டயும் சொல்லிக் குடுக்க மாட்டேன். ஆனா என்கிட்ட நேரா கேட்டாங்கன்னா உண்மையத்தான் சொல்லுவேன். அத மட்டும் தெரிஞ்சிக்க."

*

கோகுலராஜ் புதன்கிழமை ஜாசினிலிருந்து அடுப்பு வாங்கி வந்தான். துணி துவைக்கும் இயந்திரம் இருந்த பின்அறையில் பலகை போட்டு அதை வைத்தான். கேஸ் குழாயை மாட்டினான். பக்கத்தில் ஒரு அரிசிப் பானை, இரண்டு சட்டி, உப்பு டப்பா.

"நாடகத்துக்கு செட்டு ரெடி லா," என்றான். "வெளக்குமாத்த எங்க வைக்கிறது, சொல்லு."

"மெதுவா பேசுங்க. முன்னால மாமா இருக்காரு."

"அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவருக்குப் பாப்பான்னா உசுரு."

"சொல்ல மாட்டாருன்னு நீங்க சொல்றீங்க. அவரு சொல்லுவேன்னு சொல்லியிருக்காரு."

கோகுலராஜ் சிரிப்பதை நிறுத்தினான்.

அன்று அந்த அடுப்பில் ஏதாவது சமைத்துவிட வேண்டும் என்று ராகினி நினைத்தாள். பயன்படுத்தியதுபோலத் தெரிய வேண்டுமே. தீமூட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போனாள். அடுப்பின் எஃகு முகத்தில் அவள் முகம் வளைந்து தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாள். வியாழன் காலையிலும் போனாள், அப்போதும் கை வரவில்லை. மதியம் எப்போதும்போல எல்லாருக்குமாக முன்அடுப்பில்தான் சோறு வெந்தது. திலகாவும் அவளும் ஒரே பலகையில் காய் நறுக்கினார்கள்.

*

வந்தவள் தமிழ்ப்பெண். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. காலணியை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, "நளினி, மலாக்கா ஆபீஸ்லேருந்து," என்றாள். முப்பதைத் தாண்டியிருப்பாள். புக்கிட் பெருவாங்கிலிருந்து வருவதாகவும் வழியில் நல்ல மழை என்றும் சொன்னாள். கோகுலராஜின் முகம் தெளிந்தது. நம்ம ஆள், பார்த்துப் போட்டுவிடுவாள் என்று அவன் நினைப்பது ராகினிக்குத் தெரிந்தது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மலாய் அதிகாரியோ சீன அதிகாரியோ அடுப்பை எண்ணிவிட்டுப் போயிருப்பார்கள்.

நளினி நிஷாலினியின் மருத்துவத் தாள்களைப் பார்த்தாள். பிள்ளைக்கு முன் குந்தி உட்கார்ந்து கையசைத்தாள். பிள்ளை அவளுடைய உதட்டைத் தொட்டுப் பார்த்தது. நளினி எழுந்தபோது கொஞ்ச நேரம் யாரையும் பார்க்கவில்லை.

"சமையல் எங்க பண்றீங்க மா?"

ராகினி பின்அறைக்கு அழைத்துப் போனாள். கோகுலராஜ் கூடவே வந்தான். தனபாலனும் திலகாவும் நடுக்கதவருகில் நின்றார்கள். வீட்டின் முன்பகுதியையும் பின்அறையையும் பிரிக்கும் கதவு அது. சாத்தி யாரும் பார்த்ததில்லை.

நளினி அடுப்பின் விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"புது அடுப்பா?"

"கொஞ்ச நாளாச்சி," என்றான் கோகுலராஜ்.

"பால் பொங்க வச்சீங்களா?"

கோகுலராஜ் உப்பு டப்பாவைச் சற்று நகர்த்தி வைத்தான்.

புது வீடானாலும் புது அடுப்பானாலும் முதலில் பால். அது பொங்கி வழிய வேண்டும். அதற்கு முன் எந்தத் தமிழ்ப்பெண்ணும் அந்த அடுப்பில் ஒரு வாய்த் தண்ணீர்கூடச் சுடவைக்க மாட்டாள். பொங்கிவிட்டாலோ, அது ஒரு குடும்பத்தின் அடுப்பு. இரண்டு முறை தீமூட்டியோடு போய் ராகினி திரும்பி வந்தது அதனால்தான். விண்ணப்பத்தில் மூன்று பேர் என்று தயங்காமல் எழுதியிருந்தாள். பாலைத்தான் வைக்க முடியவில்லை.

"வச்சோம், வச்சோம்," என்றான் கோகுலராஜ்.

"எப்போ?"

அவன் ராகினியைப் பார்த்தான்.

"நானும் போன வருஷம்தான் மாமியார் வீட்லேருந்து தனியா வந்தேன் ணே," என்றாள் நளினி. குரலில் கடுமை இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "பால் கறை அவ்வளவு சுலபமா போகாது. ஒங்க அடுப்புல பிளாஸ்டிக்கே இன்னும் உரிக்கல."

அவள் திரும்பினாள். "சார், நீங்கதான் மூத்தவரு. நீங்க சொல்லுங்க. இவங்க தனியாத்தான் சமைச்சி சாப்பிடுறாங்களா?"

தனபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடி துடைத்தார். அவர் காலருகில் நிஷாலினி உட்கார்ந்து அவருடைய கால்சட்டை மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து பொய் வராது என்பது அந்த அறையில் நளினியைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா," என்றாள் ராகினி. அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பால் இருக்கா?"

திலகா திரும்பி நடந்தாள். குளிர்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு பால் பெட்டியும் சின்னப் பித்தளைச் செம்பும் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா சீராகக் கொடுத்த செம்பு. அதை ராகினியின் கையில் வைத்து, ஒரு கணம் விடாமல் பிடித்திருந்து, பிறகு விட்டாள்.

ராகினி பிளாஸ்டிக்கை உரித்தாள். அது நீளமாக, ஒரு பாம்புச் சட்டை போல வந்தது. செம்பை வைத்தாள். தீ நீலமாகப் பற்றியது.

பால் காய இவ்வளவு நேரம் ஆகுமா என்று இருந்தது. ஐந்து பெரியவர்கள் ஒரு செம்பைச் சுற்றி நின்றார்கள். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வந்தன. ஆடை கட்டியது, சுருங்கியது, நடுவில் உப்பியது. இப்போதும் தீயை அணைத்துவிடலாம் என்று ராகினி நினைத்தாள். திலகா அக்காவிடம் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நிஷாலினி தரையிலிருந்து எழுந்து வந்து வெண்மையாக எதுவோ மேலே ஏறுவதை வாய் பிளந்து பார்த்தாள்.

பால் பொங்கி எஃகின்மேல் வழிந்து சுள்ளென்று கருகியது. குலவையிடவோ கும்பிடவோ யாருக்கும் தோன்றவில்லை.

"ஆமா," என்றார் தனபாலன். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வயதாகியிருந்தது. "தனிதான்."

நளினி கையிலிருந்த கோப்பினை மூடினாள். "இன்னைக்கி நான் பார்த்தத எழுதுனா, நீங்க எழுதிக் குடுத்தது பொய்னுதான் ஆகும். அதனால வேலை முடியல, மறுபடி வரணும்னு போட்டுக்குறேன். அடுத்த வாட்டி சொல்லிட்டு வர மாட்டேன். அன்னைக்கி என் கண்ணுல என்ன படுதோ அத அப்படியே எழுதுவேன். எனக்கும் வேலை வேணும் மா."

வாசலில் காலணியை மாட்டும்போது அவள் ராகினியின் கையைப் பிடித்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனாள்.

*

"சரி லா," என்றான் கோகுலராஜ், காடி தெருமுனையைத் தாண்டியதும். "அவங்க வர வரைக்கும் அடுப்பு அங்கனயே கெடக்கட்டும். காடிச் சத்தம் கேட்டா சட்டியத் தூக்கிட்டு ஓடிர வேண்டியதுதான்."

"எங்கயும் ஓட வேணாம்," என்றார் தனபாலன். "பால் பொங்கியாச்சி."

"அண்ணே, அது சும்மா—"

"சும்மா இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட தனிதான்னு நான் என் வாயால சொல்லியிருக்கேன். நான் சொன்னது உண்மையா இருக்கணும். இன்னைக்கி ராத்திரி சாப்பாட்லேருந்து."

"கோவமா பேசாதீங்க அண்ணே."

"கோவம் இல்லடா. திட்டம் தப்புன்னுதான் இப்பவும் சொல்றேன். ஒருத்தன் சம்பளம் அவன் வீட்டுப் பிள்ளைக்கே தடையா வந்து நிக்கிற மாதிரி ஒரு சட்டம் எழுதியிருக்கான் பாரு, அவன் ஒரு நாள்கூட கூட்டுக் குடும்பத்துல இருந்திருக்க மாட்டான். அடுத்த கூட்டத்துலயும் இதத்தான் பேசுவேன்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா பாப்பாவுக்குக் கேக்கணும்."

அப்படித்தான் ஆனது. காலையில் முன்அடுப்பில் தாளிக்கும் வாசம் ஒன்று, பின்அடுப்பில் ஒன்று. திலகா பழக்கத்தில் ஐந்து பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மீந்ததைப் பின்பக்கம் நாய்க்குக் கொட்டினாள். ஒரு கிண்ணம் குழம்பைக் கதவைத் தாண்டிக் கொடுத்தால் என்ன என்று ராகினிக்குத் தோன்றும். கொடுத்தால் திலகா வாங்கிக்கொள்வாள், தனபாலன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதிகாரி கேட்டால் சொல்லியும்விடுவார். அதனால் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டார்கள், சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் "பசியாறிட்டீங்களா?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

நிஷாலினிக்கு மட்டும் எதையும் விளக்க முடியவில்லை. பெரியப்பாவின் தட்டில்தான் அவள் சோறு தின்னப் பழகியிருந்தாள். அவர் உருண்டை பிடித்து ஊட்டினால்தான் இறங்கும். முதல் வாரம் ஒவ்வொரு வேளையும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். ஒவ்வொரு வேளையும் தனபாலன் எழுந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, ராகினியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனார். பிறகு சாப்பாட்டு நேரத்தில் நடுக்கதவைச் சாத்தித் தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் திறந்துவிடுவார். அவள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வாள்.

"கொஞ்சம் ஊட்டுனாத்தான் என்ன மாமா? யாரு பார்க்கப் போறா?" என்று ஒருநாள் ராகினி கேட்டாள்.

"நான் பார்ப்பேன்," என்றார்.

*

நளினி வந்தது ஒரு மாலை, இரவுச் சாப்பாட்டு வேளையில். பக்கத்துச் சந்தில் காடியை நிறுத்திவிட்டு, பின்பக்க வாசல் வழியாகவே வந்து நின்றாள். கோகுலராஜ் சோற்றுக் கையோடு எழுந்தான்.

"ஒக்காருங்க ணே. சாப்பிடுங்க."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பால் கருகிய இடம் தேய்த்தும் போகாமல் பழுப்பாக இருந்தது. அதன்மேல் எண்ணெய், மஞ்சள், புளி என்று எல்லாம் படிந்திருந்தது. சட்டியின் மூடியைத் தூக்கினாள். சின்னக் கருவாட்டுக் குழம்பு, மூன்று பேருக்குச் சரியாக.

நிஷாலினி சாப்பிடவில்லை. நடுக்கதவின் முன் நின்று கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பலகை அதிர்வது கையில் தெரிவதால் அவளுக்கு அது பிடித்திருந்தது. தட்டுவாள், உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்ப்பாள், மறுபடி தட்டுவாள்.

"அந்தப் பக்கம் யாரு மா?" என்று நளினி கேட்டாள்.

"மாமா வீடு," என்றாள் ராகினி. அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"எப்பவும் இப்படித் தட்டுவாளா?"

"சாப்பாட்டு நேரத்துல தட்டுவா."

"அவங்க திறக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

நளினி கோப்பினை முழங்கையில் தாங்கி எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் நின்றாள்.

"மூணு பேரு. தனிச் சமையல்," என்றாள். "நாளைக்கே மேல அனுப்புறேன். கிடைச்சிரும் மா. நாலு வயசுக்குள்ள முடிச்சிரலாம்."

கோகுலராஜ் சோற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். ராகினி நன்றி சொல்ல நினைத்தாள். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. காலடிகள் வந்தன. கதவுக்கு மிக அருகில், ஒரு பலகைக் கனம் தள்ளி, நின்றன. மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள்.

நிஷாலினி ஓங்கித் தட்டினாள். தான் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நின்றவருக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை.